கடலூரில் மனைவியின் கை, புதுச்சேரியில் மகளின் கால்

இதை எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்திருக்கிறது. என் மகளின் இடது பாதத்தின் மேல்புறத்தில் ஐம்பது பைசா அளவில் ஒரு தழும்பு இருக்கிறது. போன வாரம் குளிப்பாட்டும்போது அவளே அதைத் தொட்டு, "இது என்னப்பா?" என்று கேட்டாள். "குட்டிப் பாப்பாவா இருந்தப்ப மருந்து பட்டு சுட்டுடுச்சும்மா" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தத் தழும்பு வராமல் தடுத்திருக்கலாம். அதே வாரத்தில் என் மனைவியின் கையில் வந்த வீக்கத்தையும் தடுத்திருக்கலாம். இரண்டுமே ரத்தக்குழாயில் போட்டு வைத்த ஊசியால் வந்தவை. எதைப் பார்க்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று யாராவது ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் போதும். நான் டாக்டர் இல்லை, மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஐப்பசி அடைமழை நேரம். மனைவிக்கு 31 வாரம். திடீரென்று பிரஷர் ஏறி, முகமும் காலும் வீங்கி, கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். 1,380 கிராம். மூச்சுக்கு உதவி தேவை, இங்கே அதற்கான வசதி இல்லை, புதுச்சேரிக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். மனைவியைத் தியேட்டரிலிருந்து வார்டுக்குக் கொண்டு வருவதற்குள் நான் குழந்தையோடு ஆம்புலன்சில் ஏறிவிட்டேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போதுதான் அவள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டோமே என்று உறைத்தது. அவளோடு மாமியார் மட்டும். என்னோடு யாரும் இல்லை. அப்பா வயதானவர், அண்ணன் வெளிநாட்டில். அன்று தொடங்கி மனைவி வந்து சேர்ந்த பத்தாம் நாள் வரை, இரண்டு ஊருக்கும் நடுவில் நான் ஒருவன்தான்.

புதுச்சேரியில் இறங்கியதும் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். தொப்புள் கொடி வழியாக ஒரு மெல்லிய குழாயை உள்ளே விடப்போகிறோம் என்றார் இளம் டாக்டர். கொடியில் இரண்டு சின்ன ரத்தக்குழாயும் ஒரு பெரிய ரத்தக்குழாயும் இருக்குமாம். அந்தப் பெரியதன் வழியாகக் குழாயை இதயத்துக்குப் பக்கம் வரை கொண்டு போவார்களாம். பிறந்த சில நாட்களுக்கு அது ஒரு வரம், குழந்தையின் பிஞ்சுக் கையைத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டியதில்லை என்றார். அது உண்மைதான். ஆனால் நான் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். இன்று அந்த இடத்தில் இருந்தால் மூன்று விஷயம் கேட்பேன். குழாயின் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தீர்களா? நுனி கல்லீரலுக்குள் போய் நின்றால் அதில் ஏற்றும் மருந்து அங்கே கெடுதல் செய்யும். எத்தனை நாள் வைப்பீர்கள்? நல்ல சுத்தத்தோடு பார்த்துக்கொண்டாலும் அதிகபட்சம் 14 நாள் என்பதுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2011 வழிகாட்டுதல். பலர் அதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். மூன்றாவது, அதை எடுக்க என்ன நடக்க வேண்டும்? இந்த மூன்றாவது கேள்விதான் எனக்கு மிகவும் தேவைப்பட்டது. அதற்கான பதில் தாய்ப்பால். அது எனக்குத் தெரிந்தது ஒன்பது நாள் கழித்து.

இப்போது கடலூருக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முன் என் மனைவியின் வலது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் பச்சை நிற வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்ற ரத்தக்குழாயில் போட்டு வைக்கும் ஊசி, போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் ட்ரிப்ஸ் நின்றுவிட்டது, ஊசி மருந்தும் மாத்திரையாக மாறிவிட்டது. அப்படியென்றால் அந்த வென்ஃப்ளானுக்கு வேலையே இல்லை. ஆனாலும் எடுக்கவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்களாம். நான்காம் நாள் போனில், "ஏங்க, கை எரியுதுங்க. மூடி வெச்ச இடத்துல விண்ணு விண்ணுன்னு இருக்கு" என்றாள். அப்போது நான் புதுச்சேரியில் என்.ஐ.சி.யூ. என்கிற பச்சைக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் டாக்டருக்காகக் காத்திருந்தேன். "ஊசின்னா கொஞ்சம் வலிக்கத்தாம்மா செய்யும், பொறுத்துக்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இந்த வாக்கியத்தை நினைக்காமல் நான் தூங்கிய இரவு குறைவு. பொறுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் காய்ச்சல். அதற்குப் பிறகுதான் பிளாஸ்திரியைப் பிரித்தார்கள். கையில் ஊசி இருந்த இடம் சிவந்து, அங்கிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது. ரத்தக்குழாயைத் தொட்டால் கயிறு மாதிரி விறைத்திருந்தது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போக வேண்டியவள் பத்தாம் நாள்தான் டிஸ்சார்ஜ் ஆனாள். கூடுதல் வாடகை, மருந்து, டெஸ்ட் எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய். பணம்கூடப் பரவாயில்லை, அந்த நான்கு நாளும் வலது கையை மடக்கக்கூட முடியாமல் இருந்தாள். அது குழந்தையை எப்படிப் பாதித்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறீர்கள் என்றால், முதலில் அந்தப் பிளாஸ்திரியைப் பாருங்கள். ஊசி தோலுக்குள் போகும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே கண்ணாடி மாதிரி ஒட்டும் பிளாஸ்திரி வந்திருக்கிறது. பஞ்சும் வெள்ளைப் பிளாஸ்திரியும் போட்டு மூட்டை கட்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். போட்ட தேதியும் நேரமும் அதன்மேல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். சிவப்பு, வீக்கம், சூடு, எரிச்சல், மருந்து ஏற்றும்போது மட்டும் வரும் வலி, பிளாஸ்திரிக்கு அடியில் ஈரம், இதில் எது தெரிந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம், உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். வலது கைக்காரருக்கு இடது கையில், அதுவும் மணிக்கட்டும் முழங்கையும் மடங்கும் இடத்தைத் தவிர்த்து முன்கையில் போட்டால் நல்லது. மடங்கும் இடத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளே குழாய் உரசும். குழந்தை பெற்றவளுக்கு இது இன்னும் முக்கியம், அவள் அந்தக் கையால்தான் பால் பீய்ச்ச வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும். ஊசி இருக்கும் கையில் பிரஷர் பார்க்க வேண்டாம் என்று சொல்லலாம். பாட்டில் தீர்ந்ததும் நாமே சக்கரத்தைத் திருப்பி மூடுவது, பாத்ரூம் போகக் குழாயைக் கழற்றுவது, இதெல்லாம் கூடவே கூடாது. என் மாமியார் சிஸ்டருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நல்ல மனதோடு அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஊசியை எடுத்த பிறகும் இரண்டு நாள் அந்த இடத்தைக் கவனியுங்கள், சிலருக்கு வீக்கம் அப்போதுதான் வரும். அப்புறம், ஒவ்வொரு நாளும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. "சிஸ்டர், இந்த ஊசி இன்னும் வேணுமா?" வெறுமனே கையில் கிடக்கும் ஊசி, கிருமி உள்ளே போகத் திறந்து வைத்த கதவு.

சரி, குழந்தை. குறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு முதல் சில நாள் ரத்தக்குழாய் வழியாகத்தான் சத்து போகும். இன்னொரு பக்கம் மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் போட்டு, இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று தாய்ப்பால் கொடுத்துப் பார்ப்பார்கள். பால் ஏற ஏற ட்ரிப்சைக் குறைப்பார்கள். என் மகளின் எடைக்கு ஒரு நாளைக்கு 150 மில்லி அளவு பால் வயிற்றில் தங்கினால் ஊசியே வேண்டாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் கடலூரில் தலைகீழாக நின்றிருப்பேன். யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சின்ன டப்பாவில் பாலைப் பிடித்து, பெயரும் நேரமும் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, காலையும் மாலையும் பஸ்ஸில் கொண்டு போனேன். மழையில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் பக்கம் வண்டி நகராது. மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு சாமியை வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். முதலில் சொட்டுச் சொட்டாக வந்த பால் நான்காம் நாள் கொஞ்சம் கூடியது. அன்றைக்குத்தான் கை வீங்கியது. வலது கையால் அழுத்த முடியவில்லை. மாமியார் உதவி செய்து பார்த்தார், இடது கையால் அவளே முயன்று பார்த்தாள். காய்ச்சல், அழுகை, தூக்கமின்மை. பால் மறுபடி சொட்டுக்கு வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் குழந்தைக்குப் போனது 70 மில்லிதான். டாக்டர்கள் யாரும் இப்படிச் சொல்லவில்லை, ஆனால் என் கணக்கில் கடலூரில் எடுக்காமல் விட்ட அந்த ஒரு வென்ஃப்ளான், புதுச்சேரியில் என் மகளுக்கு இன்னும் சில நாள் ஊசியைக் கொடுத்தது. இதே நிலையில் இருப்பவர்கள் முதல் நாளே தாய்ப்பால் வங்கி, அதாவது மற்ற தாய்மார் கொடுத்த பாலைச் சேமித்துத் தரும் இடம் பற்றி விசாரியுங்கள். ஜிப்மரில் அப்படி ஒன்று இருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது.

ஏழாம் நாள் தொப்புள் குழாயை எடுத்துவிட்டு, கையிலும் காலிலும் மாற்றி மாற்றிச் சின்ன வென்ஃப்ளான் போட ஆரம்பித்தார்கள். பச்சைப் பிள்ளைகளுக்கு மஞ்சள் அல்லது ஊதா நிறம், இருப்பதிலேயே மெல்லியது. ஒவ்வொன்றும் ஒரு நாள், ஒன்றரை நாள்தான் தாங்கியது. ஒன்பதாம் நாள் மாலை ஆறு மணிக்கு என்னை உள்ளே விட்டார்கள். இடது காலில் ஊசி. காலைச் சின்ன அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றி, அதன் மேல் குளிருக்குச் சாக்ஸ் போட்டிருந்தார்கள். சாக்ஸுக்கு மேலே தெரிந்த கணுக்கால் கொஞ்சம் குண்டாக இருந்தது. பிள்ளை சதை போட ஆரம்பித்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம். வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்து அதைச் சொல்லவும் செய்தேன்.

இரவு பத்து மணிக்கு அடுத்த பாலைக் கொடுக்கப் போனபோது உள்ளே நாலு பேர் அவளைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஊசி ரத்தக்குழாயை விட்டு நழுவி, மருந்து சதைக்குள் இறங்கியிருந்தது. அந்த ட்ரிப்சில் கால்சியம் கலந்திருந்தது. கால்சியம் ரத்தத்தில் கலந்தால் மருந்து, தோலுக்கடியில் தேங்கினால் தீக்காயம் மாதிரி வெந்துவிடும். பாதம் பளபளவென்று வீங்கி, நடுவில் வெளுத்து, ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அவள் அழக்கூட இல்லை, அழ அவ்வளவு தெம்பு இல்லை. வராண்டாவுக்கு வந்து சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். ஆறு மணிக்கு நான் பார்த்தது சதை இல்லை, வீக்கம். நாலு மணி நேரம்.

அன்றிரவு டியூட்டியில் இருந்த ஒரு மூத்த சிஸ்டர், ஐம்பது வயதிருக்கும், வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, நடந்தது தப்புதான். நாங்க மணிக்கு ஒரு தடவை பாத்திருக்கணும். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ, நீயும் பாக்கலாம், கேக்கலாம். யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் தவறைத் தவறு என்று சொன்னது அது ஒன்றுதான். அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதன் பிறகு வந்த நாட்களில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக் கொடுத்ததுதான்.

மருந்தைத் தள்ளும் பம்ப் சத்தம் போடவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்கக்கூடாது என்றார். மருந்து ரத்தத்தில் போகிறதா சதையில் போகிறதா என்று அந்த மிஷினுக்குத் தெரியாது. பிள்ளையின் சதை மெத்தென்று இருப்பதால் தடையே இல்லாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். கண்ணும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி? இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஊசி உள்ள கால் குண்டாக இருக்கிறதா, தோல் இழுத்துப் பிடித்த மாதிரி பளபளக்கிறதா, நிறம் வெளுத்தோ சிவந்தோ இருக்கிறதா, தொட்டால் சில்லென்று இருக்கிறதா, மருந்து செலுத்தும்போது பிள்ளை முகம் சுளிக்கிறதா. விரல் நுனி எப்போதும் வெளியே தெரிய வேண்டும். சாக்ஸோ கையுறையோ ஊசிக்கு மேல் வேண்டாம். பிளாஸ்திரி வளையல் மாதிரி சுற்றி இறுகியிருக்கக் கூடாது. கால்சியம், பிரஷரை ஏற்றும் மருந்து, அடர்த்தியான குளுக்கோஸ் இதெல்லாம் போகும்போது கூடுதல் கவனம் வேண்டும். குளுக்கோஸ் 12.5 சதவீதத்துக்கு மேல் என்றால் கை கால் ஊசியில் போடக்கூடாது, பெரிய ரத்தக்குழாய்க்குப் போகும் குழாயில்தான் போட வேண்டுமாம். பல நாள் ட்ரிப்ஸ் தேவைப்படும் பிள்ளைக்குப் பிக் லைன் என்று ஒன்று உண்டு, கையிலிருந்து இதயம் பக்கம் வரை போகும் நூல் மாதிரியான குழாய். ஏழாம் நாளே அதை என் மகளுக்குப் போடலாமா என்று நான் கேட்டிருக்கலாம். மருந்து கசிந்துவிட்டது என்று தெரிந்தால் முதலில் மருந்தை நிறுத்துவார்கள், ஊசியை உடனே பிடுங்காமல் அதன் வழியாகவே தேங்கியதை உறிஞ்சி எடுக்கப் பார்ப்பார்கள், காலை உயர்த்தி வைப்பார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் செய்வது ரொம்ப முக்கியம். வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்று சூடாக ஒத்தடம் கொடுக்கவே கூடாது. அடிபட்ட தோல் இன்னும் வெந்துபோகும்.

கை கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோதிரம், வாட்ச், கயிறு எல்லாம் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி. நான் முதல் வாரம் அவசரத்தில் பத்து விநாடியில் முடித்திருக்கிறேன், அதை ஒப்புக்கொள்கிறேன். வென்ஃப்ளானிலோ குழாயிலோ ஊசி மருந்து போடும் முன் அந்த வாயை ஸ்பிரிட் பஞ்சால் நன்றாகத் தேய்த்து, காய விட்டு, பிறகுதான் போட வேண்டும். ஈரத்தோடு போட்டால் தேய்த்ததற்குப் பலன் இல்லை. மேலே இருக்கும் கலர் மூடி திறந்து கிடந்தால் சொல்லுங்கள். கிருமி பெரும்பாலும் அந்த வாய் வழியாகவும் தொடும் கை வழியாகவும்தான் உள்ளே போகிறது. இதெல்லாம் எவ்வளவு சாதாரண வேலை என்று நினைக்கலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூ.க்களில் ஐந்தே விஷயத்தைக் கடைப்பிடித்தார்கள். கை கழுவுவது, பெரிய ரத்தக்குழாயில் குழாய் போடும்போது உடல் முழுக்கக் கிருமியில்லாத் துணி போர்த்துவது, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுத் தோலைத் துடைப்பது, முடிந்தவரை தொடை இடுக்கில் போடாமல் இருப்பது, தேவையில்லாத குழாயை எடுத்துவிடுவது. ஒன்றரை வருடத்தில் அந்தக் குழாய்களால் ரத்தத்தில் கிருமி பரவுவது மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது என்று 2006-இல் எழுதியிருக்கிறார்கள். இதைப் பிறகு படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஐந்தில் ஒன்றுகூடப் பெரிய செலவு வைக்கும் காரியம் இல்லையே.

பத்தாம் நாளுக்கு மேல் நான் வேறு ஆளாகிவிட்டேன். உள்ளே போனதும் முதலில் ஊசி இருக்கும் இடம், அப்புறம்தான் முகம். எந்தக் கையில் எந்த நேரம் போட்டார்கள், எப்போது எடுத்தார்கள் என்று கடையில் பில் போடும் நோட்டில் எழுதி வைத்தேன். கேட்கும் விதம் முக்கியம். சண்டைக்குப் போகிற குரலில் கேட்டால் அடுத்த நாள் உள்ளே விடவே யோசிப்பார்கள். "சிஸ்டர், இந்தக் கால் கொஞ்சம் உப்பின மாதிரி தெரியுது, ஒரு தடவ பாக்கறீங்களா?" என்று கேட்டால் யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு தடவை நான் சொன்னது சரியாக இருந்து, உடனே ஊசியை மாற்றினார்கள். மனைவியும் பத்தாம் நாள் வந்து சேர்ந்துவிட்டாள். பக்கத்திலேயே ஒரு அறை எடுத்தோம். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைக்கச் சொன்னார்கள், பால் இரண்டே நாளில் பெருகியது. பதினைந்தாம் நாள் கடைசி ஊசியை எடுத்தார்கள். அந்தச் சின்னக் கையை எந்தப் பிளாஸ்திரியும் இல்லாமல் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை.

ஆனால் கால் புண்ணுக்காக மேலும் 12 நாள் இருக்க வேண்டியிருந்தது, அதற்கு மட்டும் 96,000 ரூபாய் ஆனது. புதுச்சேரி பில் மொத்தம் 4,12,000. மனைவியின் 11 சவரன் நகையை அடகு வைத்தேன், இன்னும் பாதி மீட்கவில்லை. கடை 38 நாள் பூட்டிக் கிடந்தது, கல்லூரி புராஜெக்ட் வேலை முழுக்கப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் ஆறு வாரம் ஒன்று விட்டு ஒரு நாள் புண்ணுக்குக் கட்டுப் போட்டோம். கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் மனைவி பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். விரல்கள் நன்றாக அசைகின்றன, ஓடுகிறாள், தேவனாம்பட்டினம் கடற்கரையில் மணலில் குதிக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, நரம்புக்கோ மூட்டுக்கோ ஒன்றும் ஆகவில்லை, தழும்பு மட்டும் இருக்கும் என்றார்.

இந்தத் தை மாதம் அப்பாவுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன், கடலூரில்தான். இடது முன்கையில் ரோஸ் கலர் வென்ஃப்ளான், கண்ணாடிப் பிளாஸ்திரி. தேதி எழுதாமல் இருந்தது. பேனாவை எடுத்துக் கொடுத்தேன், சிஸ்டர் சிரித்துக்கொண்டே எழுதினார். மறுநாள் காலை ட்ரிப்ஸ் நின்றது, மாத்திரைக்கு மாற்றினார்கள். அப்போதே, "சிஸ்டர், இது இன்னும் வேணுங்களா?" என்று கேட்டேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து எடுத்துவிட்டார். உலர்ந்த பஞ்சை வைத்து மூன்று நிமிடம் நானே அழுத்திப் பிடித்திருந்தேன். "என்னடா இவ்வளவு நேரம் புடிச்சிருக்க" என்றார் அப்பா. கையை எடுத்துப் பார்த்தேன். கொசு கடித்த மாதிரி ஒரு சின்னப் புள்ளி மட்டும் இருந்தது.